கத்தரிப்பூ நிறத்தில் நின்றுவிட்டால்

நீச்சல்குள நீரில் கால்சியம் பார்க்கிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் வந்தே தீரும் சந்தேகம் இது. குப்பியில் 25 மில்லி நீர் எடுத்தாயிற்று. காரக் கரைசல் விட்டாயிற்று. சாயம் விட்டதும் நீர் சிவந்துவிட்டது. இனி ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு நீலமானதும் சொட்டுகளின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும் என்கிறது சோதனைப் பெட்டியோடு வந்த தாள். ஆனால் நீர் அப்படி நடந்துகொள்வதில்லை. சிவப்பு மெல்ல மங்கிக் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அல்லது நீலமாகிறது, குப்பியைக் கீழே வைத்த சிறிது நேரத்தில் மறுபடியும் சிவக்கிறது. எந்தச் சொட்டோடு எண்ணிக்கையை நிறுத்துவது?

பலர் செய்வது, ஏறத்தாழ ஒரு சொட்டில் நிறுத்தி, வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிடுவது. குளப் பராமரிப்பில் நடக்கும் பிழைகளில் இதை நான் பெரிதாகக் கருதுகிறேன். எண் சற்றுக் கூடிக் குறைந்தால் குளம் கெட்டுவிடாது. அதைப் பின்னால் கணக்கோடு காட்டுகிறேன். ஆனால் நிறம் தயங்குவதற்கு நீரில் ஒரு காரணம் இருக்கிறது. செம்பு, இரும்பு, மிகையான மெக்னீசியம், படியத் தொடங்கிய சுண்ணாம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று. தோராயமாக எழுதப்பட்ட எண் அந்தக் காரணத்தை மூடி மறைத்துவிடுகிறது.

முதலில், கால்சியத்தை ஏன் பார்க்க வேண்டும்? நீரில் அது போதாவிட்டால் சிமென்ட் பூச்சிலிருந்தும் டைல்ஸ் இடுக்குகளிலிருந்தும் நீர் அதை அரித்து எடுத்துக்கொள்ளும். மிஞ்சிப்போனால் நீர்மட்டக் கோட்டிலும் வடிகட்டியின் மணலிலும் வெள்ளைப் படிவாக இறங்கும். சிமென்ட் பூசிய குளத்துக்கு 200 முதல் 400 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை, கால்சியம் கார்பனேட் கணக்கில், இருப்பது நல்லது என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஃபைபர் குளமானால் குறைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நம் ஊர்களில் குறைவு அபூர்வம். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத போர் தண்ணீர் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குப் பழக்கமானது. சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்திருக்கும் யாழ்ப்பாணத்தின் கிணறுகளும் அப்படித்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தது) லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. அந்த 600ஐத் தொடும் நீர்தான் பல குடியிருப்புகளில் லாரியில் வந்து குளத்தில் இறங்குகிறது. போதாததற்குக் குளோரினுக்காகப் போடும் பொருளிலேயே கால்சியம் இருக்கிறது. கால்சியம் ஹைப்போகுளோரைட் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் ஏறத்தாழ 7 பிபிஎம் கடினத்தன்மையைக் கூட்டும். நாளொன்றுக்கு 2 பிபிஎம் போட்டால் ஓராண்டில் 500 பிபிஎம்முக்கு மேல். ப்ளீச்சிங் பவுடரானால் இது இருமடங்கையும் தாண்டும். வெயிலில் ஆவியாவது நீர் மட்டும்தான். கால்சியம் உள்ளேயே தங்கும். ஆகவே எண் ஏறிக்கொண்டே போகும் குளங்கள் இவை. ஏறிய எண்ணைச் சரியாகப் படிக்க முடியாத நிலையும் இக்குளங்களில்தான் அதிகம்.

கடினத்தன்மையை ஆதியில் அளந்தது சோப்பைக் கொண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க், 1840களில், அளவு தெரிந்த சோப்புக் கரைசலை நீரில் சேர்த்துக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்க எவ்வளவு சோப்பு செலவாகிறது என்று கணக்கிட்டார். நூறாண்டுக் காலம் அந்த முறையே புழங்கியது. நுரைக்குக் கால்சியம், மெக்னீசியம் என்ற பேதம் தெரியாது என்பது அதன் குறை. 1935இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் மியுன்ட்ஸ், துணிச் சாயத் தொழிலில் கடின நீர் தந்த தொல்லையைப் போக்க ஈடிடிஏயை உருவாக்கினார். 1940களில் சூரிச்சில் கெரோல்ட் ஷ்வார்சன்பாக் அதையே அளவைக் கருவியாக்கினார். கம்பளிக்குப் போடும் எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயத்தை நிறங்காட்டியாகச் சேர்த்ததும் அவர் வழிவந்ததே. 1956இல் பாட்டன், ரீடர் என்ற இருவர் கால்சியத்துக்கென்றே தெளிவாக நிறம் மாறும் சாயம் ஒன்றை வெளியிட்டார்கள். இன்று குளக்கரையில் பயன்படும் சொட்டுச் சோதனை இந்த ஆய்வகத் தரம்பார்த்தலின் (டைட்ரேஷனின்) சுருங்கிய வடிவம்.

உள்ளே நடப்பது இதுதான். சாயம் தனியாக இருந்தால் நீலம், கால்சியத்தைப் பிடித்திருந்தால் சிவப்பு. ஈடிடிஏ கால்சியத்தைச் சாயத்தைவிட இறுகப் பிடிக்கும். ஓர் ஈடிடிஏ மூலக்கூறுக்கு ஒரு கால்சியம் அயனி. முதலில் விழும் சொட்டுகள் நீரில் தனித்துத் திரியும் கால்சியத்தை எடுத்துக்கொள்வதால் நிறத்தில் ஒன்றும் தெரியாது. அது தீர்ந்தபின் ஈடிடிஏ சாயத்தின் பிடியில் உள்ளதைப் பறிக்கத் தொடங்கும். பாதிச் சாயம் சிவப்பாகவும் பாதி நீலமாகவும் இருக்கும் கட்டம்தான் கத்தரிப்பூ நிறம். ஆக, அந்த நிறம் தோன்றுவதே கோளாறு என்று எண்ண வேண்டாம். நல்ல நீரில் அது ஒன்றிரண்டு சொட்டுகளில் கடந்துபோகும். கடைசியாக நிறத்தை மாற்றிய சொட்டு வரைக்கும் எண்ண வேண்டும். அடுத்ததாக ஒரு சொட்டு விட்டு மாற்றமே இல்லையென்றால் அந்தச் சொட்டைக் கழித்துவிட வேண்டும்.

காரக் கரைசலின் வேலை நீரின் பிஎச்சை 12க்கு மேலே ஏற்றுவது. அந்த நிலையில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து விலகிக்கொள்ளும். ஈடிடிஏக்குக் கால்சியம் மட்டும் மிஞ்சும். சோப்பால் முடியாத பிரிவினை இப்படி முடிகிறது. ஆனால் குழப்பங்களில் பாதிக்கு மேல் இதே காரத்திலிருந்துதான் பிறக்கின்றன.

நீலமான நீர் மறுபடி சிவப்பதை எடுத்துக்கொள்வோம். நீரில் பைகார்பனேட் இருந்தால், காரம் பட்டவுடன் அது கார்பனேட்டாக மாறிக் கால்சியத்தோடு சேர்ந்து மிக நுண்ணிய துகளாகப் படியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் அதில் அடைபட்ட கால்சியம் சாயத்துக்கும் தெரியாது, ஈடிடிஏக்கும் உடனே அகப்படாது. கரைந்திருந்த கால்சியம் முடிந்து நீர் நீலமானதும், துகள் மெல்லக் கரைந்து கால்சியத்தை வெளியே விடும். சாயம் அதைப் பிடித்துச் சிவக்கும். முதல் நீலத்தில் நிறுத்தியவருக்கு எண் குறைவாகவே வரும். குளத்திலேயே சுண்ணாம்பு படிந்து, நீரில் பொடியாக மிதந்தாலும் இதே கதைதான். அதனால்தான் ஆய்வகங்களில் காரம் சேர்த்த ஐந்து நிமிடங்களுக்குள் தரம்பார்த்தலை முடித்துவிடச் சொல்கிறார்கள். குளக்கரையில் செய்யக்கூடியது: காரம் விட்டதும் தாமதிக்காமல் தொடர்வது, குப்பியை விடாமல் சுழற்றுவது, நீலம் வந்தபின் அரை நிமிடம் பொறுத்துப் பார்ப்பது, மறுபடி சிவந்தால் சொட்டுகளைத் தொடர்ந்து விட்டு நிலைத்த நீலம் வரை எண்ணுவது. குளிர்ந்த நீரில் இந்த வினை மந்தம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் காலையில் எடுத்த மாதிரி அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருப்பது நல்லது.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. காரமும் சாயமும் விடும் முன்பே ஐந்தாறு சொட்டு ஈடிடிஏயை நீரில் விட்டுச் சுழற்றி, பிறகு அவற்றைச் சேர்த்து, மீதிச் சொட்டுகளைத் தொடர்வது. முன்கூட்டி விட்டவற்றையும் மொத்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் முயற்சியில் ஏறத்தாழ 25 சொட்டில் நிறம் தடுமாறியது என்று தெரிந்திருந்தால் 20 சொட்டு வரைகூட முன்பே விடலாம். காரம் விழும் நேரத்தில் திரியும் கால்சியம் குறைவாக இருப்பதால் படிவதும் குறையும்.

கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றுவிடும் நீருக்கும் மருந்து இதே உபாயம்தான். காரணம் மட்டும் வேறு. இந்த நீரில் ஐந்து சொட்டு கூட்டி விட்டாலும் பத்து விட்டாலும் நீலம் வராது. பெரும்பாலும் செம்பு. பாசி பிடித்த குளத்துக்கு மயில்துத்தம் போடுவது இங்கே நெடுநாளைய வழக்கம். கடையில் விற்கும் பாசிக்கொல்லிகள் பலவற்றிலும் இருப்பது செம்பே. செம்பு அயனி சாயத்தைப் பிடித்தால் எளிதில் விடாது. வந்து விழும் ஈடிடிஏயால் கால்சியத்தைப் பறிப்பதுபோல் அதைப் பறிக்க முடியவில்லை. கால்சியத்திலிருந்து விடுபட்ட சாயம் நீலமாகிவிட, செம்பிடம் சிக்கிய சாயம் நிறம் மாறாமல் கிடக்க, இரண்டும் கலந்த நிறமே நம் கண்ணில் படுகிறது. இரும்பும் மாங்கனீசும் இவ்வாறே செய்யக்கூடியவை என்றாலும், செம்பு மிகச் சிறிய அளவிலேயே, லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராமிலேயே, தொல்லை கொடுத்துவிடும். ஈடிடிஏயை முன்கூட்டி விட்டால் சாயம் வருவதற்குள் செம்பும் இரும்பும் அதனிடம் அகப்பட்டுவிடும். கால்சியத்தைவிட இவற்றின் மேல்தான் ஈடிடிஏக்குப் பிடிமானம் பல கோடி மடங்கு அதிகம். அதனால் எண் கூடிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 1 பிபிஎம் செம்பு கடினத்தன்மைக் கணக்கில் கூட்டுவது ஒன்றரை பிபிஎம் அளவுக்குத்தான். ஒரு சொட்டின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது எண் கிடைத்துவிட்டது. ஆனால் இதோடு விட்டுவிடலாகாது. மயில்துத்தமோ செம்புப் பாசிக்கொல்லியோ போடாத குளத்தில் நிறம் இப்படி நின்றால் செம்பு எங்கிருந்து வந்தது? வெந்நீர்க் குளத்தின் ஹீட்டரில் செம்புக் குழாய்கள் இருக்கின்றன. பிஎச் பல நாள் தாழ்ந்திருந்தால் நீர் அவற்றை அரிக்கும். நீச்சலடிப்பவர்களின் வெளிர்ந்த முடி பச்சையாகும் முன்பே, டைல்ஸில் நீலப்பச்சைக் கறை தெரியும் முன்பே, கால்சியம் சோதனைக் குப்பி அதைக் காட்டிவிடக்கூடும். செம்பைத் தனியாகச் சோதித்து, பிஎச் பதிவைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கத் தூண்டும் அடையாளம் இது. நிறம் நின்றதைக் குறிக்காமல் “300” என்று மட்டும் எழுதிவைத்தால் இந்த அடையாளம் போய்விடும்.

மூன்றாவது வகை, கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கிணற்று நீரைக் குளத்தில் விடுகிறவர்கள் பார்க்கக்கூடியது. காரம் விட்டதும் குப்பியில் மெல்லிய கலங்கல். சாயம் விட்டபின் நீர் நீலத்தை நெருங்கும்போது, சிவப்பும் ஊதாவுமாகப் பிசிறுகள் மிதக்கும். இது வீழ்படிந்த மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. சாயத்தைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது, கொஞ்சம் கால்சியத்தையும் இழுத்துக்கொள்கிறது. கடல்நீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம், மெக்னீசியம் சுமார் 1,300. கடினத்தன்மைக் கணக்குக்கு மாற்றினால் மெக்னீசியத்தின் பங்கு கால்சியத்தினுடையதைப் போல் ஐந்து மடங்கு. ஆகவே பிசிறுகள் திடீரென்று மிகுந்தால் கிணற்றில் கடல்நீர் ஏறுகிறதா என்று உப்புத்தன்மையையும் பார்த்துவிடுவது நல்லது. சோதனையைப் பொறுத்தவரை, மாதிரியில் பாதியளவு எடுத்துக் காய்ச்சி வடித்த நீரால் 25 மில்லியாக நிரப்பி, கிடைத்த எண்ணை இரட்டித்துக்கொண்டால் போதும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கடையில் கிடைக்கும். வீட்டு ஆர்ஓ நீரில் சிறிதாவது கால்சியம் இருக்கும், அதை நம்பக் கூடாது.

அந்த வடித்த நீருக்கு இன்னொரு பயன் உண்டு, இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஒரு குப்பியில் அதை மட்டும் எடுத்துக் காரமும் சாயமும் விட்டால் உடனே நீலமாக வேண்டும். ஆகவில்லையென்றால் குப்பி சரியாகக் கழுவப்படவில்லை, அல்லது நீரிலோ கரைசலிலோ கலப்பு உண்டு. நீலமானால் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எந்த நீலத்தை நோக்கிப் போகிறோம் என்பது கண்ணெதிரே இருக்கும். நிறத்தை நினைவிலிருந்து தீர்மானிப்பதைவிட ஒப்பிட்டுத் தீர்மானிப்பது பன்மடங்கு எளிது. குளத்து நீரே தொடக்கத்தில் சிவக்காமல் நீலமாக நின்றால், கால்சியம் ஏறக்குறைய இல்லை என்று பொருள். நம் குளங்களில் இதை நம்புவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஷாக் ட்ரீட்மென்ட் கொடுத்த மறுநாள் குளோரின் மிகுந்து சாயத்தையே கெடுத்திருக்கலாம். பழைய சாயமாகவும் இருக்கலாம்.

பார்க்கும் இடமும் பார்க்கும் கண்ணும் சோதனையின் பாகம்தான். நிழலில், பகல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கடியில் நீலமும் ஊதாவும் ஒன்றுபோல் தோன்றும். ஆண்களில் கணிசமானோருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறை இருக்கிறது. அவர்களில் சிவப்பொளியை உணராதவர்களுக்குக் கத்தரிப்பூ நிறமே நீலமாகத் தெரியும்; ஆகவே சொட்டுகளைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். குளத்தைப் பார்த்துக்கொள்பவர் மாறியதும் எண் திடீரென்று இறங்கினால், நீரைச் சந்தேகிக்கும் முன் இருவரையும் ஒரே குப்பியைப் பார்க்கச் சொல்லலாம். சொட்டின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை: புட்டியைச் சாய்க்காமல் நேர்க்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவாக விழும். நுனியில் நிலைமின் ஏறினால் சொட்டுகள் சிறுத்து எண்ணிக்கை கூடிவிடும். ஈரத் துணியால் நுனியைத் துடைத்துக்கொள்வது அதற்காக.

சோதனைகளுக்கிடையிலான குழப்பம் நிறத்தைவிடப் பெரிய பிழைகளைத் தருகிறது. பொறியியல் முதலாண்டில் ஈடிடிஏ தரம்பார்த்தல் செய்த எல்லோருக்கும் ஒயின் சிவப்பு எஃகு நீலமானது நினைவிருக்கும். அது பிஎச் 10இல், அம்மோனியா தாங்கல் கரைசலில், எரியோகுரோம் பிளாக் டி கொண்டு செய்வது. அதில் கிடைப்பது கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த மொத்தக் கடினத்தன்மை. குளத்தில் முக்கிவிட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்களில் பெரும்பாலானவையும் மொத்தத்தையே காட்டுகின்றன. குளத்துக்கு வேண்டியது கால்சியம் மட்டும். மெக்னீசியம் கூடிய கடலோர நீரில் ஸ்ட்ரிப் 800 காட்டலாம், உண்மையான கால்சியம் 300ஆக இருக்கலாம். பழைய ஆய்வக முறையான மியூரெக்சைடு சாயம் கால்சியத்துக்கே உரியதுதான். ஆனால் அது இளஞ்சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறுவது. நீலம் வரும் வரை விடுவேன் என்று அடம்பிடித்தால் சொட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். எந்தச் சாயம் என்று தெரியாமல் எந்த நிறத்துக்கும் அர்த்தம் சொல்ல முடியாது.

இனி, பிழை எவ்வளவு இருந்தால் பொறுக்கலாம் என்ற கணக்கு. நீர் சுண்ணாம்பைப் படியவைக்குமா கரைக்குமா என்று சொல்லும் குறியெண்ணை 1936இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த வில்ஃப்ரட் லாஞ்ஜலியர் வெளியிட்டார். அதில் கால்சியம் மடக்கையாக (லாகரிதமாக) நுழைகிறது. பிஎச் நேரடியாக நுழைகிறது. கால்சியம் 250க்குப் பதில் 260 என்று ஒரு சொட்டு பிசகினால் குறியெண் 0.02கூட மாறாது. 200 என்பதை 400 என்று இரு மடங்காகப் படித்தாலும் மாறுவது 0.3, பிஎச்சை 0.3 பிசகிப் படித்ததற்குச் சமம். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பிஎச் சோதனையில் 0.2 பிசகுவது சாதாரணம். ஆக, கத்தரிப்பூவா நீலமா என்று கடைசிச் சொட்டைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது 300ஐ 800 என்றும் 600ஐ 250 என்றும் காட்டும் பிழைகளைப் பற்றி.

ஏனென்றால் கூடிய கால்சியத்தைக் குறைக்க எளிய மருந்து எதுவும் இல்லை. குறைந்ததைக் கூட்டுவது சுலபம்: ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் 100 பிபிஎம் கூட்ட 11 கிலோ நீரற்ற கால்சியம் குளோரைடு போதும். குறைக்க, நீரை வடித்துப் புது நீர் விட வேண்டும். அதே குளத்தில் பாதியை மாற்றுவதென்றால் 12,000 லிட்டர் லாரிகள் நான்குக்கு மேல். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு சென்னை குடங்களோடு தெருவில் நின்றதைப் பார்த்தவர்கள், ஸ்ட்ரிப் காட்டிய மொத்தக் கடினத்தன்மையைக் கால்சியம் என்று நம்பி ஐம்பதாயிரம் லிட்டரை வடித்துவிடுவதைச் சாதாரணப் பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வடிப்பதென்று முடிவெடுத்தாலும் முதலில் சோதிக்க வேண்டியது வரப்போகும் நீரை. குளத்தில் 600, லாரி நீரில் 350 என்றால் பாதியை மாற்றியபின் கிடைப்பது 475தான். அத்தனை செலவுக்குப் பதிலாக பிஎச்சையும் காரத்தன்மையையும் சற்றுத் தாழ்த்தி வைத்து, குளோரினுக்குக் கால்சியம் இல்லாத சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறினால், 600லேயே குளத்தைப் படிவின்றி நடத்தலாம். மழைநீரில் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். தமிழ்நாட்டில் 2003லிருந்து கட்டாயமான மாடி மழைநீர்ச் சேகரிப்புக் குழாயிலிருந்து, முதல் மழையைக் கழித்துவிட்டு, ஒரு கிளையை வடகிழக்குப் பருவத்தில் குளத்துக்குத் திருப்பிவிட்டால், நிரம்பி வழியும் பழைய நீரோடு கால்சியமும் தானே வெளியேறும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை சோதித்து, எண்ணுக்குப் பக்கத்தில் நிறம் எப்படி மாறியது, எத்தனை சொட்டு முன்கூட்டி விடப்பட்டது என்பதையும் எழுதிவர வேண்டும்.